கயிற்றில் தொடங்கிய காற்றுப்பை

காருக்குள் ஏர்பேக் வைப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மோதும் நேரத்தில் ஓட்டுநர் எங்கே இருப்பார் என்பது முன்கூட்டியே தெரியும்: ஸ்டியரிங்குக்குப் பின்னால், சீட் பெல்ட்டுக்குள். பைக்கில் அது தெரியாது. மோதிய கணத்திலேயே ஆள் வேறு, வண்டி வேறு. ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறக்கலாம், பக்கவாட்டில் சரிந்து தார் ரோட்டில் உரசிக்கொண்டே போகலாம், வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம். வண்டியில் பையைப் பொருத்தினால் ஆள் அங்கே இருக்க மாட்டார். அதனால் பையை ஆளின் மேலேயே கட்டிவிட வேண்டும். ஏர்பேக் ஜாக்கெட்டின் கதை முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது. அது வாங்கத் தகுந்ததா என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது.

வண்டியிலேயே வைத்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. ஹோண்டா நிறுவனம் 2006இல் தன் கோல்ட் விங் பைக்கில் ஏர்பேக் பொருத்தி விற்றது. உற்பத்தி பைக் ஒன்றில் ஏர்பேக் வந்தது அதுவே முதல் முறை. முன் ஃபோர்க்கில் மோதலை உணரும் சென்சார்கள், ஓட்டுபவருக்கு நேர் முன்னால் ஒரு பெரிய பை. நேருக்கு நேர் மோதினால் ஆள் முன்னால் பறக்காமல் வேகம் தணிக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் கோல்ட் விங் ஒரு சோபாவுக்கு இரண்டு சக்கரம் வைத்தது போன்ற வண்டி. பையைப் பொருத்த இடமும் உண்டு, சுமக்க எடையும் உண்டு. நம் ஊரில் ஓடும் 110 சிசி பைக்கில் அதை எங்கே வைப்பது?

உடலில் கட்டும் யோசனை அதற்கும் முப்பது ஆண்டு மூத்தது. 1970களின் நடுவில் ஹங்கேரியைச் சேர்ந்த தாமாஸ் ஸ்ட்ராப் என்பவர் பைக் ஓட்டுபவர்களுக்கான ஊதும் ஜாக்கெட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அந்தக் காலத்து ஹங்கேரியில் அது கடைக்கு வரும் பொருளாக வளரவில்லை. காப்புரிமைக் காகிதமாகவே இருந்துவிட்டது.

அதைக் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். முகேன் டென்கோ என்ற நிறுவனம் 1990களின் நடுவில் வேலையைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 'ஹிட்-ஏர்' என்ற பெயரில் விற்பனைக்கு வைத்தது. ஜப்பானின் போக்குவரத்துப் போலீசார், அந்த வெள்ளை பைக் படையினர், ஏர்பேக் வெஸ்ட் அணிந்து ரோந்து போகத் தொடங்கினார்கள். பந்தய வீரர்கள் கையில் எடுப்பதற்கு முன்பே இந்தப் பொருள் போலீஸ்காரரின் வேலை உடுப்பாக இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பின்னால் இது பணக்காரப் பொழுதுபோக்கின் துணைக்கருவி போலத் தோற்றம் எடுத்தது. பிறப்பில் அப்படி இல்லை.

ஹிட்-ஏர் போன்ற கயிற்று வகை வெஸ்ட் ஒன்றை மேசைமேல் விரித்துப் பார்த்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. நெஞ்சுப் பக்கம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதில் திருகிப் பொருத்திய சின்ன எஃகுக் குப்பி. உள்ளே அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்ஸைடு. சோடா தயாரிக்கும் கருவியில் போடுகிறோமே, அதே இனம்தான், கொஞ்சம் பெரியது. பெட்டிக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் ஊசி, ஊசியைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு எஃகு உருண்டை. உருண்டையிலிருந்து பழைய டெலிபோன் ஒயர் போலச் சுருண்ட ஒரு கயிறு கிளம்பி, பைக்கின் சீட்டுக்கு அருகே ஃபிரேமில் மாட்டிய கிளிப்பில் முடிகிறது. ஆள் தூக்கி வீசப்பட்டால் கயிறு விறைக்கும், உருண்டை பிடுங்கிக்கொள்ளும், ஸ்பிரிங் விடுபட்டு ஊசி குப்பியின் மூடியைக் குத்தும். வாயு பாய்ந்து கழுத்து, நெஞ்சு, முதுகு, இடுப்பு வரை பை விறைத்து நிற்கும். கழுத்தைச் சுற்றி எழும்பும் பகுதி ஹெல்மெட்டின் அடிவிளிம்பை முட்டுக்கொடுத்துத் தாங்கி, தலை கண்டபடி ஒடிந்து மடங்குவதைக் குறைக்கும். கொஞ்ச நேரத்தில் காற்று தானாக இறங்கிவிடும்.

பேட்டரி இல்லை, சார்ஜ் இல்லை, செயலி இல்லை. ஊதிய பிறகு பை கிழியாமல் இருந்தால் புதுக் குப்பி ஒன்றைத் திருகி, ஸ்பிரிங்கை மறுபடி இழுத்து மாட்டி, உருண்டையைச் செருகிவிட்டு நாமே தயார் செய்துகொள்ளலாம். கயிற்றைக் கழற்ற மறந்து இறங்கிவிட்டால் வெடித்துவிடுமே என்பது புதிதாக வாங்குபவர் எல்லோரும் முதலில் கேட்பது. பெரும்பாலும் வெடிக்காது. சுமார் 30 கிலோ இழுவிசை வந்தால்தான் உருண்டை பிடுங்கும். அதற்கு முன்பே கயிறு நம்மைப் பிடித்து இழுத்து ஞாபகப்படுத்திவிடும்.

இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கயிறு விறைக்க வேண்டும் என்றால் ஆள் சீட்டைவிட்டு ஓரளவு தூரம் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பை நிரம்பப் பத்தில் ஒரு விநாடியோ, அதற்கு மேலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பத்தில் ஒரு விநாடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். இப்போது நம் ரோடுகளில் தினமும் நடப்பதை நினைத்துப் பாருங்கள்: எதிரே ஒரு கார் சட்டென்று யூ-டர்ன் அடிக்கிறது, பைக் அதன் கதவில் போய் முட்டுகிறது. ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் கார்க் கதவுக்கும் நடுவில் இருப்பது டேங்கும் முன் சக்கரமும்தான். கயிறு விறைப்பதற்குள் நெஞ்சு காரில் பட்டிருக்கும். அதே கார் உரசிச் சென்று, ஆள் வண்டியிலிருந்து தெறித்து ரோட்டில் விழுந்தால் கயிற்றுக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. ஒரே வெஸ்ட், ஒரே வேகம். முதல் அடி எதில் விழுகிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

இந்த அவகாசத்தைச் சுருக்கும் வேலை இத்தாலியில் நடந்தது. வடக்கே வீச்சென்சா பக்கம் 1972இல் லீனோ டைனேசே தொடங்கிய தோல் உடுப்பு நிறுவனம் 1990களிலேயே ஏர்பேக் ஆராய்ச்சியில் இறங்கி, 2000இல் மூனிக் கண்காட்சியில் ஒரு மாதிரியைக் காட்டியது. கயிற்றை விட்டுவிட்டு, விழுவதை உடுப்பே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அசோலோவைச் சேர்ந்த ஆல்பைன்ஸ்டார்ஸ் நிறுவனமும் அதே வழியில் வந்தது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை மிகக் கடினமானது. பந்தய வீரர் வளைவில் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார், முட்டியும் முழங்கையும் தரையில் உரசுகின்றன, முன் சக்கரம் தூக்குகிறது, பின் சக்கரம் வழுக்கி மீண்டும் பிடிக்கிறது. நம் கண்ணுக்கு இவை எல்லாமே விழுவது போலத்தான் இருக்கும். இதில் எது உண்மையான விழுதல் என்பதை உடுப்பு சில மில்லிவிநாடியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தவறான நேரத்தில், 300 கிலோமீட்டர் வேகத்தில் பை ஊதினால் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடலாம். அதனால் ஆண்டுக்கணக்கில் வீரர்களின் தோல் உடுப்பில் முதுகுப் பக்கம் எழும்பியிருக்கும் திமிலுக்குள் முடுக்கமானிகளையும் கைரோக்களையும் வைத்து, ஊதும் வேலையே கொடுக்காமல், வெறுமனே தரவு மட்டும் சேகரித்தார்கள். விநாடிக்கு ஆயிரம் முறை உடலின் அசைவை அளந்தார்கள். இந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். உயிர் காக்கும் பொருள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை. 2007 நவம்பரில் வாலென்சியாவில் 125 சிசி வகுப்பு வீரர் சிமோனே க்ரோட்ஸ்கி விழுந்தபோது, கிராண்ட் பிரீ களத்தில் முதன்முறையாக அந்தப் பை ஊதியது.

அதன் பிறகு வேகமாகப் பரவியது. பந்தயத் தளம் இந்தப் பொருளுக்குச் சாதகமான இடம். ஹைசைடு என்று ரைடர்கள் சொல்லும் விபத்தில் பின் சக்கரம் வழுக்கித் திடீரென்று பிடிக்கும்போது ஆள் மேலே தூக்கி எறியப்படுகிறார். அவர் காற்றில் இருக்கும் அந்த அரை விநாடி ஏர்பேக்குக்குத் தாராளம். முழுதாக நிரம்பிக் காத்திருக்கும். விழும் இடத்திலோ சுவர் தூரத்தில், நடுவில் சரளைக் கல்லும் புல்லும். வீரர்களுக்கு அடிக்கடி ஒடிந்துகொண்டிருந்த காறை எலும்பும் தோளும்தான் முதலில் பயன்பெற்றன. 2018 முதல் மோட்டோஜிபி, மோட்டோ2, மோட்டோ3 மூன்று வகுப்புகளிலும் நிரந்தர வீரர்களுக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது. பாலைவனத்தில் ஓடும் டகார் ராலியில் 2021இல்.

இத்தாலியின் முஜெல்லோ தளத்தில் நடந்த இரண்டு விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2013இல் அங்கே பயிற்சி ஓட்டத்தில் மோட்டோஜிபி வீரர் மார்க் மார்க்கேஸ் நேர்ப்பாதையின் முடிவில், மணிக்குச் சுமார் 338 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் பிடியை இழந்தார். பக்கவாட்டுக் கான்கிரீட் சுவர் நெருங்கியதும் வண்டியை விட்டுக் குதித்தார். புல்லில் நெடுந்தூரம் உருண்டு சறுக்கி, தாடையிலும் தோளிலும் அடியோடு எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்திலும் ஓடினார். 2021இல் அதே தளத்தில் மோட்டோ3 தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்தின் ஜேசன் டுபாஸ்கியே விழுந்தார். வயது 19. ஏர்பேக் கட்டாயமான காலம் அது. விழுந்தவர் மீது பின்னால் வந்த வண்டி மோதியது, மறுநாள் இறந்துபோனார். 338 கிலோமீட்டரில் ஒருவர் பிழைக்கிறார், அதைவிட எவ்வளவோ மெதுவான வகுப்பில் ஒருவர் பிழைக்கவில்லை. வேகம் படிப்படியாகத் தணிய இடம் கிடைத்தவருக்குப் பை துணை நிற்கிறது. கனமான பொருள் ஒன்று நேராக வந்து மோதும்போது அதனால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

எண்களிலும் இதைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் 2013இல் வந்த இஎன் 1621-4 என்ற தரவிதி, இயந்திர முறையில் ஊதும் ஏர்பேக் உடுப்புகளைச் சோதிக்கிறது. ஊதிய பையின் மேல் 50 ஜூல் ஆற்றலில் ஒரு அடி. ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவது போல. மறுபக்கம் எவ்வளவு விசை கசிகிறது என்று அளக்கிறார்கள். முதல் நிலைத் தகுதிக்குச் சராசரி 4.5 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும், இரண்டாம் நிலைக்கு 2.5. ஜாக்கெட்டுக்குள் வைக்கும் நுரை வகை முதுகுக் கவசத்துக்கு இதே 50 ஜூல் அடியில் அனுமதி 18 கிலோநியூட்டன். அதன் உயர்ந்த நிலைக்கு 9. ஆக, சுமாரான ஏர்பேக் கூட நல்ல நுரைக் கவசம் விடுவதில் பாதியைத்தான் உள்ளே விடுகிறது. இதை யாரும் சாதாரணமாக ஒதுக்க முடியாது. விலா எலும்பு தாங்குவதும் ஒடிந்து நுரையீரலைக் குத்துவதும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடலாம்.

அதே நேரம் 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவர் உடலில் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4,300 ஜூல். 80இல் போனால் அது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகி 17,000ஐத் தாண்டும். சறுக்கி உருளும்போது இதில் பெரும்பங்கு ரோட்டில் உரசியே தீர்ந்துபோகிறது, பைக்கு வந்து சேர்வது சிறு பங்கு. மின்கம்பத்திலோ நிற்கும் லாரியின் பின்புறத்திலோ நெஞ்சோடு மோதினால் உரசிக் கழிய இடமே இல்லை. சில அங்குலக் காற்று அத்தனையையும் விழுங்காது. எந்த நிறுவனத்தின் விளம்பரமும் இதைச் சொல்லாது என்பதால் வாங்குபவர் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

பந்தயத்தில் பழகிய மின்னணு வகை ரோட்டுக்கு வந்தபோது சில பத்து மில்லிவிநாடியில் முடிவெடுத்து ஊதும் திறனைக் கொண்டுவந்தது. கார்க் கதவில் முட்டும் விபத்திலும் நெஞ்சு படுவதற்கு முன் பை நிரம்ப வாய்ப்பு உருவானது இதனால்தான். கூடவே தொல்லைகளும் வந்தன. அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். பல மாடல்களில் ஒருமுறை ஊதிவிட்டால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பித்தான் மீட்க முடியும். சர்வீஸ் சென்டர் இல்லாத நாட்டில் வாங்கியவர் பாடு திண்டாட்டம்.

பிரான்சில் இந்தப் பொருளுக்கு இரண்டு வேறு குணங்கள் அமைந்தன. டிஷோன் நகரருகே உள்ள ஹெலைட், சிறு விமானம் ஓட்டுபவர்களுக்காகத் தொடங்கிக் கயிற்று வகையைப் பைக்குக்கும் குதிரைச் சவாரிக்கும் கொண்டுபோனது. பிறகு தடுமாறி விழும் முதியவர்களின் இடுப்பெலும்பைக் காக்கும் ஒரு பெல்ட்டையும் செய்தது. அன்னெசி நகரின் இன்அண்ட்மோஷன் பனிச்சறுக்கு வீரர்களிடம் தொடங்கி, ரைடர்களிடமிருந்து வரும் ஓட்டத் தரவுகளால் தன் கணிப்பை மெருகேற்றும் ஒரு மின்னணுப் பெட்டியை உருவாக்கியது. அந்தப் பெட்டியை மாதச் சந்தாவுக்கும் எடுக்கலாம் என்று வைத்தார்கள். சந்தா நின்று, கொடுத்த கூடுதல் அவகாசமும் கடந்துவிட்டால் ஏர்பேக் ஊதாது. 2021இல் அமெரிக்காவில் கிளைம் நிறுவனம் இந்தப் பெட்டியோடு வெஸ்ட் விற்றபோது இதைப் பற்றிக் கடுமையான விவாதம் எழுந்தது. முழுத்தொகை கட்டி வாங்கும் வழியும் இருந்தது, பை வேலை செய்யுமா என்பதை விளக்கு காட்டும் என்பதும் உண்மை. இருந்தாலும் இந்த ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை. வங்கி அட்டை காலாவதியான மாதத்தில் ஒருவர் விழக்கூடும். உடம்பில் கட்டிய பையின் வேலை, அவர் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

இனி நம் ரோட்டுக்கு வருவோம். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்த எண்களுக்கு முன்னால் நின்று யோசித்தால் முதல் ரூபாய் எதற்குப் போக வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட் ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று. அதற்குப் பிறகு கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. பைக் விபத்தில் அதிகம் அடிபடுவது கால். ஏர்பேக் காலைத் தொடாது, தலையையும் மூடாது. அது காப்பது நெஞ்சு, முதுகு, தோள், கழுத்தின் அடிப்பகுதி. தலைக்கு அடுத்து உயிரைப் பறிப்பது நெஞ்சில் படும் அடி என்பதால் இந்த வரிசையில் ஏர்பேக்குக்கு உறுதியான இடம் உண்டு. ஆனால் முதல் இடம் இல்லை.

நெடுஞ்சாலையில் தொடர்ந்து நீண்ட தூரம் போகிறவர், ஹெல்மெட்டும் ரைடிங் கியரும் ஏற்கெனவே வைத்திருப்பவர், கட்டாயம் வாங்கலாம் என்றே சொல்வேன். இறக்குமதியாகி வரும் மின்னணு வெஸ்ட் ஒன்றின் விலைக்குப் பழைய பைக் ஒன்றை வாங்கிவிடலாம். அந்தச் செலவு முடியாதவருக்குக் கயிற்று வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உபரிக் குப்பி இரண்டு கையில் இருக்க வேண்டும். குப்பியையும் வெஸ்டையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக் கூடாது. ஜாக்கெட்டுக்கு உள்ளே அணியும் வகை என்றால், பை உப்ப நான்கு விரல் இடமாவது வேண்டும். இறுக்கமான ஜாக்கெட்டுக்குள் ஊதினால் அது விலாவைத்தான் நெருக்கும். மே மாத வெயிலில் இன்னொரு அடுக்கு உடுப்பா என்ற முனகல் நியாயமானது. மெல்லிய மெஷ் ஜாக்கெட்டின் மேல் கயிற்று வெஸ்டைப் போடுவதுதான் நம் தட்பவெப்பத்தில் நடைமுறைக்கு வரும்.

ஊருக்குள் கடைக்கும் ஆபீசுக்கும் போய்வருபவர் இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குள்ளேயே நாள் முழுக்க ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உணவு டெலிவரி செய்பவர்கள், கூரியர்க்காரர்கள், ரோந்து போலீசார், 108 பைக் ஆம்புலன்ஸ் ஊழியர்கள். வேறு யாரையும்விட அதிக நேரம் ஆபத்தில் இருப்பவர்கள் இவர்கள்தான். டெலிவரிப் பையன் ஒரு நாளில் எத்தனை முறை இறங்கி ஏறுவான்! ஒவ்வொரு முறையும் கயிற்றைக் கழற்றி மாட்டச் சொன்னால் இரண்டாம் நாளே விட்டுவிடுவான். அவனுக்கு ஏற்றது மின்னணு வகை. அதை வாங்கும் வசதி அவனுக்குத்தான் சற்றும் இல்லை. பந்தய வீரர் தன் ஏர்பேக்கைத் தன் காசில் வாங்குவதில்லை; உடுப்பு நிறுவனம் கொடுக்கிறது. ஜப்பானியப் போலீசாரும் சம்பளத்தில் வாங்குவதில்லை. பிரான்சில் ஏர்பேக் வாங்கும் வாடிக்கையாளருக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் காப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. இங்கே பத்து நிமிடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்று விளம்பரம் செய்த நிறுவனங்கள், பையனுக்கு டி-ஷர்ட்டும் முதுகுப்பையும் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் மொத்தமாக வாங்கத் தொடங்கினால் விலையும் இறங்கும், ஊதிய வெஸ்டைச் சரிசெய்து தரும் கடைகளும் சென்னையிலும் கோவையிலும் வந்துவிடும்.